சி.பி.யு. சின்னதான கதை: ஊத்தங்கரை ரோட்டிலிருந்து சில குறிப்புகள்

கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலை ஊத்தங்கரை வழியாகத்தான் போகிறது. பழைய எண் 66, இப்போது 77. அந்த ரோட்டை மேப்பில் ரெண்டு பக்கமும் நீட்டிப் பாருங்கள். மேற்கே ஓசூர் தாண்டினால் பெங்களூரு, அங்கே எஸ்.பி. ரோடு, தென்னிந்தியாவில் கம்ப்யூட்டர் பாகம் வாங்கப் பேர்போன தெரு. கிழக்கே சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி எல்லாம் கடந்து திண்டிவனத்தில் திரும்பினால் புதுச்சேரி. வரிச் சலுகையை நம்பி ஒரு காலத்தில் எச்சிஎல், ஏசர், ஐபிஎம் (பிறகு அதை வாங்கிய லெனோவோ) எல்லாம் கம்ப்யூட்டர் பூட்டும் ஆலை போட்ட ஊர். ஒரு முனையில் கம்பெனிப் பொட்டி, மறு முனையில் கைப்பூட்டுப் பொட்டி. நடுவில் நம்ம ஊர்.

இந்தக் குறிப்பு எழுத உட்கார்ந்த காரணம் ஒரு சாதாரணக் கேள்வி. இ-சேவை மையம் போட நினைப்பவர், மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுபவர், பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தர நினைக்கிற வீட்டுக்காரர் எல்லாரும் இப்போ கேட்கிறது இதுதான்: "அந்தச் சின்ன சி.பி.யு. வாங்கலாமா, இல்ல பெரிய பொட்டியே நல்லதா?" சி.பி.யு. என்பது உள்ளே இருக்கிற சில்லுக்குத்தான் பேர் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனா தமிழ்நாட்டில் முழுப் பொட்டிக்கே அதுதான் பேர். இந்தக் கட்டுரையிலும் அப்படியே வச்சுக்கலாம்.

கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனா அந்த ஒரு வரி ஏன் பத்து வருஷத்துக்கு முன்னால் வேற மாதிரி இருந்தது, அதுக்குப் பத்து வருஷம் முன்னால் ஏன் இன்னொரு மாதிரி இருந்தது என்பதுதான் சுவாரசியம்.

முதலில் ஒரு விஷயம். சின்ன கம்ப்யூட்டர் புதுசு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நேர்மாறு. இந்தியப் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக மொத்தமாக வந்து இறங்கிய கம்ப்யூட்டரே சின்னதுதான். 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 250 பள்ளிகள் அளவுக்குத் திட்டம். அதுக்குத் தேர்ந்தெடுத்தது பிரிட்டனில் ஏக்கான் கம்பெனி செய்த பிபிசி மைக்ரோ. தட்டச்சு மெஷின் சைஸில் ஒரு விசைப்பலகை. அதுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடக்கம். 32 கிலோபைட் நினைவகம். டி.வி.யோடு சொருகினால் வேலை செய்யும். தனியா 'சி.பி.யு.' என்று ஒரு பொட்டியே கிடையாது. சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குட்டிக் கம்ப்யூட்டரும் டெசிபெல்ஸ் என்ற இந்தியக் கம்பெனி வழியாக 80களின் கடைசியில் இங்கே விற்பனைக்கு வந்தது.

அப்புறம் ஏன் பொட்டி பெருத்தது? 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பி.சி.யை வெளியிட்டது. அதன் வடிவமைப்பைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அதே மாதிரி செய்யலாம் என்ற நிலை சீக்கிரமே வந்துவிட்டது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் கொள்கையைத் தளர்த்தியது. பாகங்களை இறக்கி இங்கே பூட்டி விற்பது லாபகரமாயிற்று. எச்சிஎல் 'பிஸிபீ' என்று விற்றது. மற்ற கம்பெனிகளும் வந்தன. அந்த பி.சி. வகைப் பொட்டியின் உயிரே உள்ளே காலியாகக் கிடக்கும் இடத்தில்தான் இருந்தது. படம் காட்ட ஒரு அட்டை, பிரிண்டருக்கு ஒரு அட்டை, சத்தத்துக்கு ஒரு அட்டை, மோடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றாகச் சொருக இடம் வேண்டும். அந்த இடம்தான் பொட்டியின் அளவு.

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தது. மதர்போர்டு 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம். திருகு துளை எங்கே, மின்சப்ளை எங்கே, பின்பக்கச் சொருகிகள் எங்கே என்று எல்லாம் அதில் வரையறுத்து வச்சாச்சு. யார் செய்த போர்டும் யார் செய்த பொட்டியிலும் உட்காரும். எஸ்.பி. ரோடும் சென்னை ரிச்சி தெருவும் இந்த ஒரு ஒப்பந்தத்தின் மேல் எழும்பிய கடைத்தெருக்கள் என்று சொன்னால் மிகையில்லை. தைவான் போர்டு, மலேசியாவில் அடைத்த சில்லு, டெல்லியில் வளைத்த தகரப் பொட்டி, எல்லாம் ஒரு ஸ்க்ரூடிரைவரில் சேரும். 90களின் பிற்பாதியிலும் 2000களின் தொடக்கத்திலும் இந்தியாவில் விற்ற கம்ப்யூட்டர்களில் பெரும்பங்கு இப்படி 'அசெம்பிள்' ஆனதுதான்.

ஊத்தங்கரை அப்போ தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ரிச்சி தெருவை விட எஸ்.பி. ரோடு பக்கம். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் பாகத்தோடு திரும்பலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கர்நாடகத்தில் வாட் வரி 2005 ஏப்ரல் 1இல் வந்தது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1இல்தான். நடுவில் 21 மாசம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வரி முறை, இந்தப் பக்கம் வேற. ஓசூர் செக்போஸ்ட் என்பது இங்கே வியாபாரிகளுக்கு வெறும் ஊர்ப்பேரா இருக்கவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் அந்தக் கதை முடிந்தது.

பெரிய பொட்டி பெரியதாகவே இருந்ததுக்கு இன்னொரு காரணம் சூடு. 2004 பிப்ரவரியில் வந்த பென்டியம் 4 'ப்ரெஸ்காட்' வகைச் சில்லுகள் 84 வாட் முதல் 115 வாட் வரை வெப்பம் கக்கின. அந்தச் சூட்டைச் சமாளிக்கவே இன்டெல் பிடிஎக்ஸ் என்று புதுப் பொட்டி வடிவம் ஒன்றைக் கொண்டுவந்து, ரெண்டு மூணு வருஷத்தில் அதையே கைவிட்டது. சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட பிரவுசிங் சென்டரில் நாலு ப்ரெஸ்காட்டும் நாலு டப்பா மானிட்டரும் ஓடியதை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு சின்னப் பொட்டி பிறந்தது. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் டெநெட் என்று ஒரு குழு இருந்தது. கிராமத்துக்குத் தொலைபேசியும் இணையமும் மலிவாகக் கொண்டுபோவது அவர்கள் குறி. கம்பி இழுக்கச் செலவு அதிகம் என்பதால் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினார்கள். அதை வச்சு 2001இல் என்-லாக் என்ற நிறுவனம் கிளம்பியது. கிராமத்தில் ஒருத்தர் சுமார் 50,000 ரூபாய் போட்டால் ஒரு கியோஸ்க் நடத்தலாம். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, இணைய இணைப்பு, பேட்டரி எல்லாம் அதில் சேர்த்தி. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நடந்த 'சாரி' திட்டத்தில் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் கைகோத்தன. உலகம் முழுக்க இதைப் பற்றி எழுதினார்கள்.

சில வருஷத்திலேயே மேலூர் கியோஸ்க்குகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. வருமானம் போதவில்லை, உள்ளூர் அதிகாரிகளின் ஒத்துழைப்பு தொடரவில்லை என்று காரணம் பல. ஆனா அந்த 50,000 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். அதில் பெரிய பங்கு ஒரு முழு அளவு பி.சி.க்கும், அந்த பி.சி.யைக் கரண்ட் இல்லாதபோது ஓட்டவேண்டிய பேட்டரிக்கும் போகிறது. கிராமத்துக்கு ஒத்துவராத கனம் அந்தப் பொட்டிக்குள்ளேயே இருந்தது.

ஜுன்ஜுன்வாலாவும் மும்பையின் ராஜேஷ் ஜெயினும் அனலாக் டிவைசஸ் நிறுவனர் ரே ஸ்டேட்டாவும் சேர்ந்து அடுத்த முயற்சியாகச் சென்னையில் நோவேடியம் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். யோசனை இது: வீட்டில் இருக்கிற பொட்டிக்குள் பெருசா எதுவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், ஃபேன் வேண்டாம். கைபேசிக்குள் போடுகிற வகைச் சில்லு ஒன்று போதும். நிஜக் கம்ப்யூட்டர் ஒரு மையத்தில் இருக்கும். உங்க மேசையில் இருக்கிற நெட் பி.சி. அந்தக் கம்ப்யூட்டரின் படத்தைக் காட்டும், நீங்க தட்டுவதை அங்கே அனுப்பும். கேபிள் டி.வி. மாதிரி மாசக் கட்டணம். வைரஸ் வந்தால் அவர்கள் பாடு, ரிப்பேர் அவர்கள் பாடு. மானிட்டர் நீங்கலாகப் பொட்டியின் விலை 100 டாலர் பக்கம்.

2005-2007 வாக்கில் இது ஒரு பெரிய போட்டியின் பாகம். அதே 2005இல் எச்சிஎல் 10,000 ரூபாய்க்குக் கீழே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரை விற்பனைக்கு விட்டது. பெங்களூரில் சிம்ப்யூட்டர் வந்து, பேசப்பட்டு, அடங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 100 டாலர் மடிக்கணினிக் கனவு. எல்லாரும் விலையைக் குறைக்கப் பார்த்தார்கள். நோவேடியம் மட்டும் பராமரிப்பை வீட்டுக்காரர் தலையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தது. என் மதிப்பீட்டில் அந்தக் காலத்து இந்திய முயற்சிகளில் சரியாக நோய் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

மருந்துதான் வேலை செய்யவில்லை. எங்கேயோ இருக்கிற சர்வரை நம்பி வாழும் பொட்டிக்கு இணைப்பு அறாமல் இருக்கவேண்டும். அன்றைக்கு ஊத்தங்கரை மாதிரி ஊரில் பிராட்பேண்ட் என்பது பி.எஸ்.என்.எல். செப்புக் கம்பி, அதுவும் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால். மழை பெய்தால் கம்பி போகும். கம்பி போனால் பொட்டி வெறும் பிளாஸ்டிக். பெரிய பொட்டி வச்சிருந்தவர் இணையம் போனாலும் டேலியில் கணக்கு எழுதினார், படம் பார்த்தார்.

அதுக்குள் 2008இல் இன்டெல் ஆட்டம் என்ற சில்லை விட்டது. 4 வாட்தான். தைவானின் விஐஏ 2001லேயே மினி-ஐடிஎக்ஸ் என்று 17 செ.மீ. சதுரப் போர்டு ஒன்றை அறிமுகப்படுத்தி வச்சிருந்தது. ஆட்டம் சில்லு அந்த அளவுப் போர்டில் மலிவாக வந்து இறங்கியது. 'நெட்டாப்' என்று பேர். இதில் ஒரு கூத்து: சில்லு 4 வாட், அதுக்குத் துணையாகப் போட்ட 945 சிப்செட் 22 வாட். அதனால் ஃபேன் சிப்செட் மேல் சுத்தும், சில்லு பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மெதுவாக ஓடும் ஹார்ட் டிஸ்கோடு அது சேர்ந்தபோது ஒரு ஃபைல் திறப்பதுக்குள் டீ குடித்துவிட்டு வரலாம். இன்றைக்கும் "சின்னப் பொட்டி ஸ்லோவா இருக்கும்" என்று கடைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நெட்டாப் காலத்து ஞாபகம். ஆப்பிள் 2005 ஜனவரியிலேயே 499 டாலருக்கு மேக் மினி கொண்டுவந்து, 16.5 செ.மீ. சதுரத்தில் முழு கம்ப்யூட்டர் முடியும் என்று காட்டியிருந்தது. ஆனா அது நம்ம ஊர்க் கடைகளில் எட்டிப் பார்த்த பொருள் இல்லை.

தமிழ்நாட்டில் மேசைக் கம்ப்யூட்டரின் கதையைத் திருப்பிப் போட்டது எந்தச் சில்லும் இல்லை. கரண்ட் கட்.

2008இல் அறிவித்த மின்வெட்டு தொடங்கி, 2012இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம். மற்ற மாவட்டங்களுக்குக் கணக்கே கிடையாது. 12 மணி, 14 மணி எல்லாம் அந்த வருஷம் அக்டோபர், நவம்பரில் சாதாரணம். காற்றாலை சீசன் முடிந்ததும் நிலைமை இன்னும் மோசமாகும். ஓசூர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. தென்மாநில மின்தொகுப்பு அப்போ மற்ற இந்தியாவோடு ஒரே அதிர்வில் சேராமல் தனியாக இருந்தது. அதனாலேயே 2012 ஜூலை 30, 31இல் வட இந்தியா மொத்தமும் இருண்டபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே வடக்கே உபரி மின்சாரம் இருந்தாலும் வேண்டிய அளவு இங்கே கொண்டுவரவும் முடியவில்லை. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்த பிறகுதான் தெற்கும் நாட்டின் ஒரே தொகுப்பில் சேர்ந்தது.

இதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. இழப்பெல்லாம் போக அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கைக்குக் கிடைக்கும். அன்றைய பெரிய பொட்டியும் 17 இஞ்ச் டப்பா மானிட்டரும் சேர்ந்து 150 வாட் இழுக்கும். ஆக 15 நிமிஷம். ஃபைலை சேவ் பண்ணிட்டு மூடத்தான் அந்த நேரம். அதே பேட்டரியில் இன்றைய ஒரு சின்னப் பொட்டியும் எல்.இ.டி. மானிட்டரும் சேர்த்து 35 வாட் ஓட்டினால் ஒரு மணி நேரம் தாண்டும்.

12 மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில் 15 நிமிஷ யு.பி.எஸ். என்ன பிரயோஜனம்? அதே சமயத்தில்தான் 2011 செப்டம்பர் 15இல் அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் வழியாக முதல் வருஷத்துக்கே 9 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகளுக்கு டெண்டர். பிளஸ் டூ பிள்ளை வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தது, அதுக்குள்ளேயே பேட்டரி. பெரிய பொட்டி வாங்க நினைத்த வீடுகள் பல அதோடு நிறுத்திக்கொண்டன. அந்த மடிக்கணினிகளின் அரசியலைப் பற்றி ஆயிரம் பேசலாம். மின்வெட்டுக் காலத்தில் கிராமத்து வீட்டுக்குப் பொருத்தமான கம்ப்யூட்டர் வடிவம் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மேசைக் கம்ப்யூட்டர் திரும்பி எழுந்து வந்தது இதே மடிக்கணினியின் உறுப்புகளை வாங்கிக்கொண்டுதான். 2012-13இல் இன்டெல் என்யூசி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாலு இஞ்ச் சதுரப் போர்டு, மடிக்கணினிச் சில்லு, மடிக்கணினி ரேம், மின்சப்ளை பொட்டிக்கு வெளியே ஒரு அடாப்டராக. 2012லேயே லெனோவோ 'திங்க்சென்டர் எம்92பி டைனி' என்று விட்டது. 18 செ.மீ.க்கு 18 செ.மீ., கனம் மூணரை செ.மீ. கன அளவு கிட்டத்தட்ட ஒரு லிட்டர். டெல், எச்பி ரெண்டும் அதே அளவில் பின்னாலேயே வந்தன. இந்த வகைக்கு உலகம் முழுக்க 'ஒரு லிட்டர் கம்ப்யூட்டர்' என்றே செல்லப்பேர். நம்ம பழைய ஏடிஎக்ஸ் பொட்டி 40 லிட்டர் வரும். குடக் கணக்கில் சொன்னால் ரெண்டரை குடம்.

மின்சப்ளையை வெளியே தள்ளியது சின்ன விஷயமாகத் தெரியும். பழைய பொட்டியில் பாதிச் சூடும் தூசியும் அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சுத்தித்தான். அடாப்டர் போனால் பொட்டியைப் பிரிக்க வேண்டாம், வேற அடாப்டர் சொருகினால் போதும். அந்த அடாப்டர்களைத் திருப்பிப் பாருங்கள், பலதில் டெல்டா என்று எழுதியிருக்கும். தைவான் கம்பெனி. மின்சப்ளை செய்வதில் உலகத்தில் முன்னணி. அவர்களுக்கு நம்ம கிருஷ்ணகிரி பக்கம் குருபரப்பள்ளி சிப்காட்டிலும் ஆலை இருக்கு.

மிச்ச வேலையை எஸ்.எஸ்.டி. முடித்தது. நெட்டாப்பைக் கொன்ற தாமதம் ஹார்ட் டிஸ்கில்தான் பெரும்பாலும் இருந்தது. விரல் நீளத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. அட்டை வந்து உட்கார்ந்ததும் சின்னப் பொட்டிக்கும் பெரிய பொட்டிக்கும் அலுவலக வேலையில் வித்தியாசமே தெரியாமல் போயிற்று.

அரசாங்கமும் கவனித்துவிட்டது. 2023 மே மாசம் 17,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் ஆன கணினி உற்பத்தி ஊக்கத் திட்டத்தில் மடிக்கணினி, டேப்லெட்டோடு 'மிகச்சிறு வடிவக் கணினி' என்று தனி இனம். அதே வருஷம் ஆகஸ்ட் 3இல் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று வந்த அறிவிப்பிலும் அந்த இனம் பேர் சொல்லி இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது தளர்ந்து வெறும் பதிவு முறையாக மாறியது. பெரிய பொட்டி அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய பொட்டி ஏற்கெனவே இங்கேதான் பூட்டப்படுகிறது, சின்னது வெளியிலிருந்து வருகிறது என்பதுதான் அதன் பொருள். எச்பி 2020இலேயே ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ளெக்ஸ் ஆலையில் அலுவலக மேசைக் கம்ப்யூட்டர்கள் செய்ய ஆரம்பித்திருந்தது.

இனி முதல் கேள்விக்கு வரலாம். இப்போ ஊத்தங்கரையில் ஒருத்தர் எதை வாங்குவது?

கரண்ட் பில்லுக்காகச் சின்னது வாங்காதீர்கள். இன்றைய பெரிய பொட்டியும் எல்.இ.டி. மானிட்டரும் சாதாரண வேலையில் 80 வாட் பக்கம்தான். சின்னது 35. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று வச்சால் மிச்சம் 108 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 864 ரூபாய். அதுக்காக முடிவு எடுக்க வேண்டியதில்லை. கரண்ட் போனால் ஓடும் நேரத்துக்காக வாங்கலாம். கோடைக்காத்து மழையில் ஒரு மணி நேரம் லைன் போவது இன்றைக்கும் இங்கே உண்டு. அரசு 2023இல் 'அனைவருக்கும் இ-சேவை' என்று திறந்துவிட்ட பிறகு தனியார் மையம் நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் வரிசையில் நிற்கிறவரை "கரண்ட் இல்ல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால் அவர் அடுத்த தெரு மையத்துக்குப் போய்விடுவார்.

அதே இ-சேவைக்காரர் வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பி எண்ணவேண்டும். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, வெப்கேமரா. ஆறு யு.எஸ்.பி. துளை குறைந்தபட்சம். கைக்குள் அடங்கும் மலிவுப் பொட்டி பலதில் நாலுதான். மண்டிக்காரருக்கும் லாரி ஷெட்டுக்காரருக்கும் வேற பிரச்சினை. கார்பன் வச்சு மூணு காப்பி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் அவர்களுக்கு வேணும். பழைய டி.வி.எஸ். பிரிண்டரில் அகலமான பேரலல் சொருகி மட்டும் இருந்தால் சின்னப் பொட்டியில் அதுக்கு இடமே கிடையாது. மாற்றுக் கேபிள் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. வாங்கும் முன் கடையிலேயே பில் அடித்துப் பார்ப்பது நல்லது.

எனக்கு உறுத்துகிற விஷயம் ரிப்பேர். ஏடிஎக்ஸ் பொட்டி நம்ம ஊர்ப் பையன்கள் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு தொழிலைக் கொடுத்தது. ஸ்க்ரூடிரைவரும் எஸ்.பி. ரோட்டு பஸ் டிக்கெட்டும் இருந்தால் கடை போடலாம் என்ற நிலை அது. இப்போ ஆன்லைனில் வரும் மலிவான மினி பி.சி.களில் பலதில் ரேமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அது போனால் மொத்தமும் போச்சு. பயாஸ் புதுப்பிக்க அந்தக் கம்பெனி ரெண்டு வருஷம் கழித்து இருக்குமா என்பதே கேள்வி. இன்டெல்லே 2023 ஜூலையில் என்யூசியைக் கைவிட்டு ஏசஸ் கையில் ஒப்படைத்தது. இன்டெல்லுக்கே அந்த நிலை என்றால் பேர் தெரியாத கம்பெனியைப் பற்றி என்ன சொல்வது.

இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் அந்த ஒரு லிட்டர் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் வருகின்றன. பெங்களூரு ஐ.டி. கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி எல்லாம் எஸ்.பி. ரோட்டுக்கு வந்து சேருகின்றன. ஒரு திருகைக் கழற்றினால் மூடி திறக்கும். ரேம் சொருகி ரெண்டு, எஸ்.எஸ்.டி. மாற்றலாம், ஃபேன் மாற்றலாம். பாகம் அதே தெருவில் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதுக்கு மேலும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏழாம் தலைமுறைக்கும் அதுக்குக் கீழேயும், விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்கு தவிர, முறைப்படி ஏறாது. அதனாலேயே ஆறும் ஏழும் இப்போ அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். லினக்ஸ் போட்டுக்கொள்பவருக்கு அது அதிர்ஷ்டம். ஆனா இ-சேவைக்காரர் கைரேகைக் கருவிக்கு லினக்ஸில் டிரைவர் இருக்கா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் அந்த அதிர்ஷ்டத்தைத் தொடவேண்டும்.

அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். பழைய பொட்டியை மட்டும் கொடுத்துவிட்டு அடாப்டர் தனி என்பார்கள். லெனோவோவுக்குச் செவ்வக முனை, 20 வோல்ட். டெல்லுக்கும் எச்பிக்கும் வட்ட முனை, 19.5 வோல்ட், ரெண்டும் ஒன்றுக்கொன்று சேராது. வீடியோ எடிட்டிங், பெரிய கேம், ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் என்று தனி கிராஃபிக்ஸ் அட்டை கேட்கிற வேலை இருந்தால் மட்டும் ரெண்டரைக் குடம் பொட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். அது உட்கார ஒரு லிட்டரில் இடம் இல்லை.